முதல் வார்டிலிருந்து ரிப்பன் மாளிகை வரை: வட சென்னைத் தேர்தல் நாட்குறிப்பு

பிப்ரவரி 14, 2022, திங்கள்
கத்திவாக்கம்

தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நேற்றிரவு வந்து சேர்ந்தேன். இன்று காலை மெட்ரோ ரயிலில் விம்கோ நகர் போய், அங்கிருந்து பங்கு ஆட்டோவில் கத்திவாக்கத்துக்குப் போனேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான இந்த வழித்தடம் திறக்கப்பட்டு இன்றோடு சரியாக ஓராண்டு ஆகிறது. நான் சிறுவனாக இருந்தபோது இதே தூரத்தைக் கடக்க, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

வருகிற 19-ஆம் தேதி தமிழகத்தின் எல்லா நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒரே கட்டமாகத் தேர்தல் நடக்கிறது. எனக்கு இதில் வாக்கில்லை. தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் குடியிருக்கிறேன். எங்களுக்கு 2019 டிசம்பரிலேயே தேர்தல் முடிந்துவிட்டது. அன்று ஆளுக்கு நான்கு வாக்குச் சீட்டுகளை, நான்கு நிறங்களில், மடித்துப் போட்டோம். கிராமத்துக்காரனான நான் வாக்களித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட நிலையில், தலைநகரத்தில் வாழும் என் அக்கா தன் வார்டுக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பதே என்னை இந்தப் பயணத்துக்குக் கிளப்பியது.

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் எண் 1 இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் இது சென்னையாகி நெடுங்காலம் ஆகவில்லை. 2011 வரை கத்திவாக்கம் தனி நகராட்சி. திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகியவையும் அப்படியே. ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டபோது, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்த முதியவர் ஒருவர், "அப்போ சேர்மன் ஆபீசு நடக்குற தூரம். மனு எழுதின கையோட கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுவோம். இப்போ எல்லாத்துக்கும் மேலிடம்தான்" என்றார். நகரத்தோடு சேர்ந்ததால் சாலையும் விளக்கும் மேம்பட்டன என்பதை அவர் மறுக்கவில்லை. ஆளும் இடம் தொலைவுக்குப் போனதைத்தான் சொன்னார்.

மாலையில் முகத்துவாரம் பக்கம் நடந்தேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து நீர் ஆழமிழந்திருப்பதை மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம், வேட்பாளர்களிடம் இதைப் பற்றிக் கேட்டீர்களா என்றேன். "கேட்டோம்ணா. பேசுறோம்னு சொன்னாங்க. ஆனா இது கவுன்சிலர் கையில இல்லன்னு எங்களுக்கே தெரியும்" என்றார். ஆறு ஒரு துறையிடம், துறைமுகம் வேறொரு நிர்வாகத்திடம், மின் நிலையம் மின்வாரியத்திடம், மாசு அதற்கென உள்ள வாரியத்திடம் என்று பிரிந்து கிடக்கையில், வாசலுக்கு வந்து கைகூப்பி நிற்பவர் வார்டு வேட்பாளர் ஒருவர் மட்டும்தான். அதனால் எல்லாக் கேள்விகளும் அவரிடமே வந்து விழுகின்றன.

பிப்ரவரி 15, செவ்வாய்
மணலி, திருவொற்றியூர்

மணலியில் அதிக நேரம் நிற்கவில்லை. வெயில் கடுமை. சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர் பகலிலும் தெரிந்தது.

திரும்பும் வழியில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினேன். தியாகராஜர் கோயிலில் மாசிப் பெருவிழாக் காலம். கூட்டத்துக்கு நடுவே மூன்று கட்சிகளின் ஆட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிபெருக்கியோடு ஊர்ந்தன. உதயசூரியன், இரட்டை இலை, தாமரை, மாம்பழம், முரசு, டார்ச் லைட், கரும்பு விவசாயி, குக்கர் எனச் சின்னங்கள் நிரம்பிய தேர்தல் இது. ஆளுங்கட்சியான தி.மு.க., காங்கிரசும் இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் அடங்கிய கூட்டணியாக நிற்கிறது. சென்ற ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்ற பா.ஜ.க.வும் பா.ம.க.வும் இம்முறை தனித்தனியே களத்தில் உள்ளன. எனவே ஒரே வார்டில் ஏழெட்டு வேட்பாளர்கள் நிற்பது இங்கு சாதாரணம். கட்சிச் சீட்டுக் கிடைக்காமல் சுயேச்சையாக நிற்பவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

மாநகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 4,000 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2,000 ரூபாய். சென்னையில் ஒரு வேட்பாளர் செலவிடச் சட்டம் அனுமதிப்பது 90,000 ரூபாய். ஒரு தெருமுனையில் நான் கண்ட தோரணங்கள், சரவெடி, சால்வைகள், பிரியாணிப் பொட்டலங்கள் ஆகியவற்றை மனத்தில் கூட்டிப் பார்த்தபோது அந்த வரம்பு எனக்கு நம்பும்படியாக இல்லை. உச்சவரம்பை மீறினால் உண்மையாகவே தண்டனை வரும் என்ற நிலை வராதவரை, தெருவில் நல்ல பெயர் எடுத்த ஏழை ஒருவர் இந்தத் தேர்தலில் நிற்கத் தயங்கவே செய்வார். இதை நான் மனவருத்தத்தோடு எழுதுகிறேன்.

பிப்ரவரி 16, புதன்
கொடுங்கையூர், வியாசர்பாடி, மறுபடியும் அக்கா வீடு

கொடுங்கையூர்க் குப்பை மேட்டைப் பார்க்க வேண்டுமென்று தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. காற்று திரும்பினால் அதுவே நம்மிடம் வந்துவிடும். 300 ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கும் அந்த மேட்டில், மாநகரின் வடபாதியும் அதை ஒட்டிய மண்டலங்களும் கழித்துப் போடுவதெல்லாம் பல பத்தாண்டுகளாகக் குவிகிறது. கத்திவாக்கத்தின் சாம்பலைப் போலல்லாமல், இது முழுக்க முழுக்க மாநகராட்சியின் பொறுப்பு. குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்குவதா, மேட்டைத் தோண்டி நிலத்தை மீட்பதா, எரிப்பதா என்பது வார்டு உறுப்பினர்களின் அவையான மாமன்றத்தில் விவாதித்து முடிவெடுக்க வேண்டிய செய்தி. ஆனால் நான் இன்று கேட்ட நான்கு பிரசாரங்களில் ஒன்றில்தான் குப்பை மேடு பற்றி ஒரு வாக்கியமாவது வந்தது. மற்றவை முதல்வரைப் பற்றியும் முன்னாள் முதல்வர்களைப் பற்றியுமே பேசின.

வியாசர்பாடியில் கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாக நடந்தேன். மழை பெய்தால் முதலில் மூடப்படும் பாதைகளில் ஒன்று அது. சென்ற நவம்பர் 6-ஆம் தேதி இரவு கொட்டிய மழையின் நீர்க்கோடு பல வீட்டுச் சுவர்களில் இடுப்பளவில் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு ஒருவரிடமும் வெள்ளத்தைப் பற்றி விசாரிக்கத் தோன்றவில்லை. ஆனால் எல்லோரும் அவர்களாகவே அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும். சென்னைத் தெருவில் இரண்டு வகை மூடிகள் உண்டு. மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது. கழிவுநீர்க் குழாயும் குடிநீரும் 1978-இல் அமைக்கப்பட்ட குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பென்றால், சென்ற ஆண்டு பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் மூன்றாவதாக வரும். மழை நாளில் மூன்று நீரும் ஒன்றாகக் கலந்து முழங்காலுக்கு ஏறும்போது, அது எந்த அலுவலகத்தின் நீர் என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று பட்டியலிட்ட பதினெட்டுப் பணிகளில் குடிநீர் வழங்கலும் ஒன்று. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். குடிநீரும் கழிவுநீரும் மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றத்துக்குக் கட்டுப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாலையில் அக்கா வீட்டு வாசலுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. தமிழக உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்ற சட்டத் திருத்தம் 2016-இல் வந்தது. வேட்பாளருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய துண்டறிக்கையில் அவருடைய படத்தைவிடக் கணவரின் படம் சற்றுப் பெரிதாக இருந்தது. அக்கா, தெருமுனையில் இருக்கும் மூடியைக் காட்டி, "நவம்பர் மழையிலிருந்து அது அடைச்சிருக்கு. ஜெயிச்சா முதல்ல என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டாள். கணவர்தான் முன்னால் வந்து பதில் சொல்லத் தொடங்கினார்.

"நான் உங்களைக் கேக்கல தம்பி. நிக்கிறது அவங்க. அவங்க சொல்லட்டும்" என்றாள் அக்கா.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண், மூடியின் அருகே சென்று குனிந்து பார்த்துவிட்டு, "இது மழைநீர்க் கால்வாயா, சாக்கடையான்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்க்கா. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றார். இந்த மூன்று நாட்களில் நான் கேட்ட வாக்குறுதிகளில் நேர்மையானது அதுதான்.

இரவு, அக்கா ஒரு நீளக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினாள். 2016 அக்டோபர் முதல் தெருவில் நேர்ந்த குறைகளைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். எதற்காக என்று கேட்டேன். "யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. மறந்துடக் கூடாதேன்னு எழுதி வச்சேன்" என்றாள்.

பிப்ரவரி 17, வியாழன்
காசிமேடு, ராயபுரம்

அந்த 2016-ஐப் பற்றி இன்று எழுதுகிறேன். சென்ற மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24-இல் முடிந்தது. அம்மாதம் 17, 19 தேதிகளில் தேர்தல் நடப்பதாக அறிவிப்பு வந்து, வேட்புமனுக்களும் பெறப்பட்டுவிட்டன. பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. தரப்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. ஒதுக்கீட்டில் பிழை இருந்தால் திருத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. திருத்துவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வார்டு மறுவரையறை, வழக்கு, கால நீட்டிப்பு, மறுபடியும் வழக்கு எனக் காலம் கழிந்தது. மாமன்றத்தின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர் அமர்ந்தார்.

அந்த ஆண்டுகளில் இந்த நகரம் எதையெல்லாம் கடந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். மாமன்றம் கலைந்த ஏழு வாரங்களில் வர்தா புயல் அடித்து மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்களோடு மக்கள் லாரிக்காக விடிய விடிய விழித்திருந்தார்கள். 2020-இல் கொரோனா பரவியபோது நகரிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மண்டலங்களில் ராயபுரம் முன்னால் நின்றது; தகரம் வைத்து அடைத்த தெருக்களுக்குள் பால் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பக்கத்துத் தெரு இளைஞர்கள். பிறகு சென்ற நவம்பர் வெள்ளம். இந்த நான்கிலும் 200 வார்டுகளில் ஒரு வார்டுக்குக்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லை. அதிகாரிகளும் தூய்மைப் பணியாளர்களும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் அதிகாரி இடமாற்றம் ஆகிப் போய்விடுவார். மறுபடியும் இதே தெருவுக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

சென்னைக்கு இது முதல் முறையும் அன்று. 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்ட பின் அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. இடையில் 23 ஆண்டுகள். அக்கா 1964-இல் பிறந்தவள். மாநகராட்சித் தேர்தலில் அவள் முதன்முதலாக வாக்களித்தபோது அவளுக்கு வயது 32. இரண்டாவது குழந்தை இடுப்பில் இருந்தது.

காசிமேட்டில் காலை ஏலம் முடிந்து பனிக்கட்டி வண்டிகள் திரும்பிக்கொண்டிருந்தன. மீன் வெட்டும் பெண்கள் நால்வரிடம் பேசினேன். கழிப்பறை, குடிநீர், விளக்கு என மூன்றும் வேண்டும் என்றார்கள். மூத்தவர் மட்டும், "வர்றவங்க அஞ்சு வருசமும் இருக்கணும், அதான் வேணும்" என்றார். மீனவர் குடும்பத்தில் பிறந்து, 1923-இல் இந்நகரில் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர், 1925-இல் இதே மாநகராட்சியில் உறுப்பினராக அமர்ந்தவர் என்பது அங்கே நிற்கும்போது நினைவுக்கு வந்தது.

மாலை ஆறு மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. ராயபுரத்தில் கடைசி ஆட்டோவின் ஒலிபெருக்கி அணைந்த பிறகு, எம்.சி. சாலையின் துணிக்கடைச் சத்தம்கூட அமைதி போலக் கேட்டது.

பிப்ரவரி 18, வெள்ளி
ரிப்பன் மாளிகை, வெளியே நின்று

இன்று சாலையிலிருந்தே பார்த்தேன். மாநகராட்சியின் தலைமையகம், 1913-இல் திறந்த வெள்ளைக் கட்டடம். மாநகராட்சி அதைவிட மிகப் பழையது. 1688 செப்டம்பர் 29-இல் தொடங்கியது. நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, 1920-இல் மாமன்றம் நிறைவேற்றிய ஒரு தீர்மானத்தால்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்தது. இன்று மாநிலம் முழுவதும் பிள்ளைகள் உண்ணும் சத்துணவுக்கு முன்னோடி அது. உறுப்பினர்கள் கூடிப் பேசுவதற்கு ஓர் அவை இருந்ததால் அது நடந்தது.

பிப்ரவரி 19, சனி
வாக்குப்பதிவு

காலை 6.40-க்கே அக்கா புறப்பட்டுவிட்டாள். மாமா முகக்கவசத்தைத் தேடிக்கொண்டிருந்ததால் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினார். வாக்குச்சாவடி மாநகராட்சிப் பள்ளி ஒன்றில். நுழைவாயிலில் காய்ச்சல் பார்த்து, கையில் கிருமிநாசினி தெளித்தார்கள். ஏழு மணிக்கு வரிசையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒன்பது பேருக்கு ஐம்பது வயதுக்கு மேல்.

நான் வளாகத்துக்கு வெளியே, நூறு மீட்டர் கோட்டுக்கு அப்பால், கட்சிக்காரர்கள் மேசை போட்டிருந்த இடத்தில் நின்றேன். எதிரெதிர்க் கட்சியினர் ஒரே கடையில் தேநீர் வாங்கி, ஒருவருக்கொருவர் கடலை உருண்டையைப் பகிர்ந்துகொண்டார்கள். பெயர் பட்டியலில் தேடித் தருவது, நடக்க முடியாதவரை ஆட்டோவில் ஏற்றுவது என ஓடிக்கொண்டிருந்த பையன்களுக்கு எல்லா வீடும் தெரிந்திருந்தது. "பாட்டி, உன் ஓட்டு அந்த ரூம்பு இல்ல, இந்த ரூம்பு" என்று ஒரு கட்சிப் பையன் கூட்டிவந்த பாட்டி வேறு கட்சிக்குத்தான் போடுவார் என்பது அவனுக்கும் தெரியுமாம், இன்னொருவன் சொன்னான்.

வெளியே வந்த ஒரு பெரியவர் குழப்பத்தோடு, "மேயருக்கு இன்னொரு பட்டன் இருக்கும்னு பாத்தேன், இல்லையே" என்றார். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்; அந்த நினைவில் கேட்டிருக்கிறார். இம்முறை வார்டு உறுப்பினருக்கு ஒரு வாக்கு மட்டும். வென்றவர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த முறை நல்லது என்று கேட்டால், நான் இதைத்தான் ஆதரிப்பேன்: மேயர் மாமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றவராக இருந்தால்தான் வார்டு உறுப்பினரின் சொல்லுக்கு எடை இருக்கும். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் முறையை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் அந்தப் பெரியவர் பொத்தானைத் தேடி நின்றார்.

நண்பகலில் பள்ளி வாசல் வெறிச்சோடியது. மூன்று மணிக்கு மேல் கொஞ்சம் கூட்டம். ஐந்திலிருந்து ஆறு மணி வரை கொரோனா தொற்றாளர்களுக்கு ஒதுக்கிய நேரம். நான் நின்ற இடத்தில் கவச உடை அணிந்த அலுவலர்கள் தயாராக இருந்தார்கள், ஒருவரும் வரவில்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

மாநிலம் முழுவதும் வாக்குப்பதிவு 60 விழுக்காட்டைத் தாண்டியிருக்க, சென்னையில் 44 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. மாமா, "படிச்சவங்க வர மாட்டாங்க" என்றார். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. 23 ஆண்டுகளும், பிறகு ஐந்தாண்டுகளும் மாமன்றம் இல்லாமலே நகரத்தை நடத்தியபோது, இந்த வாக்கு இல்லாமலும் வாழலாம் என்று மக்களுக்கு அரசுகளே பழக்கிவிட்டன. அதிலும், கேட்பதில் பாதிக்கு மேல் உறுப்பினரின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கும்போது வரிசையில் நிற்க மனம் வருவது கடினம்.

பிப்ரவரி 22, செவ்வாய்
எண்ணிக்கை

பதினைந்து மையங்களில் எண்ணினார்கள். மதியத்துக்குள் நிலவரம் தெளிவாகிவிட்டது. 200-இல் தி.மு.க. 153, அ.தி.மு.க. 15, காங்கிரஸ் 13, மார்க்சிஸ்ட் 4, விடுதலைச் சிறுத்தைகள் 4, ம.தி.மு.க. 2, இந்தியக் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், பா.ஜ.க., அ.ம.மு.க. ஆகியவற்றுக்கு ஒவ்வோர் இடம், சுயேச்சைகள் ஐவர். இத்தனை கட்சிகள் போட்டியிட்டும், அவையில் எதிர்வரிசை மிகச் சிறியதாக இருக்கப்போகிறது. கேள்வி கேட்கும் கடமையில் பெரும்பகுதியை ஆளுங்கட்சி உறுப்பினர்களே சுமக்க வேண்டியிருக்கும். சுமப்பார்களா என்பதில்தான் என் கவலை.

அக்காவின் வார்டில், மூடியைக் குனிந்து பார்த்த அந்தப் பெண் வென்றார். அக்கா யாருக்கு வாக்களித்தாள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 4, வெள்ளி
ஊரிலிருந்து

ஊர் திரும்பிவிட்டேன், கடைசிக் குறிப்பை இங்கிருந்து எழுதுகிறேன். உறுப்பினர்கள் முந்தாநாள் பதவியேற்றார்கள். இன்று மேயராகப் போட்டியின்றித் தேர்வானவர், திரு.வி.க. நகர் மண்டலத்தின் 74-ஆவது வார்டில் வென்ற பிரியா. வயது 28. மேயர் பதவி இம்முறை பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சிவசண்முகம் பிள்ளை, சிவராஜ் எனப் பட்டியலினத்தைச் சேர்ந்த மேயர்களை இந்நகரம் முன்பே கண்டிருந்தாலும், அச்சமூகத்துப் பெண் ஒருவர் அந்த இருக்கையில் அமர்வது இதுவே முதல் முறை. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது பெண் மேயர். சிவப்பு அங்கியும் சங்கிலியுமாக, வட சென்னைப் பெண் ஒருவர் ரிப்பன் மாளிகையில் அமர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மாலையில் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். புதிய உறுப்பினர் நேற்றே தெருவுக்கு வந்தாராம். அந்த மூடி மழைநீர்க் கால்வாயுடையதுதான் என்றும், உள்ளே கழிவுநீர்க் குழாய் ஒன்று முறையில்லாமல் இணைந்திருப்பதால் இரண்டு அலுவலகங்களையும் ஒரே நாளில் வரவழைக்க வேண்டும் என்றும் சொன்னாராம். இம்முறை கணவர் உடன் வரவில்லை. குறிப்பேட்டிலிருந்து பதினேழு குறைகளை வரிசைப்படுத்தி எழுதிய மனுவை அக்கா கொடுத்திருக்கிறாள்; நகலில் தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாளாம்.

"நோட்டுல இன்னும் பக்கம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருபது பக்கம் இருக்கு" என்றாள்.